சாலைப் பராமரிப்பு கம்பெனி கைக்குப் போகும்போது சாலைப் பணியாளர் எங்கே போவார்?

புரட்டாசி முடியும் சமயம். எங்கள் ஊர் வழியாகப் போகும் மாவட்டச் சாலையில் ஒருவர் தனியாக நின்று ஓரத்து மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். தலையில் துண்டு, மேலே ஒளிரும் பட்டை போட்ட ஆரஞ்சு சட்டை, பக்கத்தில் சைக்கிள், அதன் கேரியரில் அரிவாளும் கடப்பாரையும். தார் போட்டு ரொம்ப நாள் ஆகாத சாலை அது. குழி எதுவும் இல்லை.

"ரோடு நல்லாத்தானே இருக்கு, இங்க ஏண்ணே வெட்டுறீங்க?" என்று கேட்டேன்.

"ரோடு நல்லாத்தான் இருக்கு தம்பி. ஓரம் ஏறிப்போச்சு பாருங்க" என்றவர், மண்வெட்டியின் காம்பைத் தார் விளிம்பிலிருந்து ஓரத்து மண் மேல் சாய்த்து வைத்துக் காட்டினார். தாரைவிட மண் நாலு விரல்கடை உயரமாக இருந்தது. "இது இப்படியே கிடந்தா ஐப்பசில தண்ணி எங்க போவும்? ரோட்டுலயேதான நிக்கும்."

நெடுஞ்சாலைப் பராமரிப்பு என்றால் என்ன என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சில ஆண்டுகளாக அடிக்கடி ஒரு வகைச் செய்தி கண்ணில் படுகிறது. இத்தனை கி.மீ. சாலையை ஐந்தாண்டு பராமரிக்க இன்ன நிறுவனத்துக்கு ஒப்பந்தம், இத்தனை கோடி மதிப்பு என்று வரும். அதே நாளிதழின் இன்னொரு பக்கத்தில் சாலைப் பணியாளர்கள் கோரிக்கை முழக்க ஆர்ப்பாட்டம் என்று மூன்று வரி இருக்கும். இரண்டும் வேறு வேறு செய்திபோலத் தெரியும். உண்மையில் இரண்டும் அந்த ஓரத்து மண்ணைப் பற்றிய செய்திதான். அதனால் மண்ணிலிருந்தே தொடங்குகிறேன்.

தார்ச்சாலை தட்டையாகப் போடப்படுவதில்லை. நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரியும். நூற்றுக்கு இரண்டரை என்ற சரிவு வைத்தால், 7 மீட்டர் அகலச் சாலையின் நடுப்பகுதி விளிம்பைவிடச் சுமார் 9 செ.மீ. உயரமாக இருக்கும். மழைத் தண்ணீரை வெளியே தள்ள சாலைக்கு இருக்கும் வழி இந்த 9 செ.மீ. மட்டுமே. விளிம்பைத் தாண்டி இருக்கும் மண் பகுதியைத் துறைக்காரர்கள் பெர்ம் என்பார்கள். அது தாரைவிடத் தாழ்ந்து, இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சரிய வேண்டும். ஆனால் புழுதி படிகிறது, புல் முளைக்கிறது, புல் மறுபடியும் புழுதியைப் பிடித்து வைக்கிறது. இப்படி வருஷா வருஷம் ஓரம் ஏறிக்கொண்டே போகும். ஓரம் 5 செ.மீ. ஏறினால், அதே சரிவுக் கணக்கில் விளிம்பிலிருந்து 2 மீட்டர் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கும். பஸ்ஸும் லாரியும் இடது சக்கரத்தை உருட்டிப் போவது சரியாக அந்த 2 மீட்டருக்குள்தான்.

அப்புறம் நடப்பது எல்லோரும் கண்ணால் பார்ப்பது. கல்லுக்கும் தாருக்கும் ஒட்டுதல் உண்டு, ஆனால் கல்லுக்கு அதைவிட நெருக்கமான உறவு தண்ணீரோடு. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் மேல் சக்கரம் ஏறும்போதெல்லாம் அழுத்தம் உள்ளே பாய்ந்து தாரைக் கல்லிலிருந்து உரிக்கும். முதலில் ஜல்லி நாலைந்து உதிரும், பிறகு தட்டு அளவுக்குப் பெயரும், ஒரு வாரம் மழை விடாமல் பெய்தால் அண்டா அளவுக் குழி. அடியில் இருக்கும் மண்ணும் ஜல்லி அடுக்கும் ஊறிப்போனால் மேலே எத்தனை முறை ஒட்டுப்போட்டாலும் நிற்காது.

குழியை மூடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. குழியைச் சுற்றி நல்ல பகுதி வரை செவ்வகமாக வெட்டி, பக்கச் சுவர் செங்குத்தாக நிற்கும்படி செய்து, தூசியும் ஈரமும் இல்லாமல் துடைத்து, தார்க் கரைசல் தடவி, கலவை போட்டு, இறுக்கமாக உருட்ட வேண்டும். சூடான கலவை பிளாண்ட்டில் 150 டிகிரிக்கு மேல் தயாராகிறது. அது 90 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் உருட்டி முடித்தாக வேண்டும். லாரி வழியில் நின்றுவிட்டாலோ தூறல் விழுந்தாலோ கணக்கு கெட்டுப்போகும். ஈரக் குழியில் கலவையைக் கொட்டி மண்வெட்டியால் நாலு தட்டு தட்டிவிட்டுப் போனால் அது அடுத்த மழை வரைக்கும்தான். இவ்வளவு வேலையையும் தவிர்க்க ஆகும் செலவு, ஓரத்தை வெட்ட ஓர் ஆளின் சில நாள் கூலி.

தமிழ்நாடு நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பில், மாநில நெடுஞ்சாலை, மாவட்டச் சாலை எல்லாம் சேர்த்து, சுமார் 66,000 கி.மீ. சாலை இருக்கிறது. கோட்டப் பொறியாளர், அவருக்குக் கீழே உதவிக் கோட்டப் பொறியாளர், உதவிப் பொறியாளர், சாலை ஆய்வாளர் என்று வரிசை இறங்கி, கடைசிப் படியில் நிற்பவர் சாலைப் பணியாளர். பழைய ஆட்கள் இன்னும் கேங் மஸ்தூர் என்றுதான் சொல்கிறார்கள். அவருடைய வேலை செடி வெட்டுவது, ஓரம் சீர்படுத்துவது, சிறுபாலக் கண்களில் அடைத்த குப்பையை எடுப்பது, சின்னக் குழியைப் பெரிதாகும் முன் மூடுவது, கி.மீ. கல்லுக்கும் மரத்துக்கும் வண்ணம் அடிப்பது, அடிபட்டுக் கிடக்கும் நாயை அப்புறப்படுத்துவது, புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து வழி விடுவது. இது எதற்கும் திறப்பு விழா கிடையாது.

1997-ல் இந்த வேலைக்காக சுமார் 10,000 பேர் எடுக்கப்பட்டார்கள். 2002-ல் அத்தனை பேரையும் ஒரே அடியாக வேலையை விட்டு அனுப்பியது அரசு. பராமரிப்பை ஒப்பந்ததாரர்களிடம் விட்டுவிடலாம் என்ற எண்ணம் அப்போதே வலுவாக இருந்தது. போராட்டம், வழக்கு எல்லாம் நடந்து, 2006-ல் மறுபடி வேலை கிடைத்தது. நடுவில் போனது 41 மாதம். அந்த 41 மாதப் பணிநீக்கக் காலத்தைப் பணிக்காலமாகச் சேர்க்க வேண்டும் என்பதுதான் இன்று வரை அவர்களுடைய எல்லாக் கோரிக்கைப் பட்டியலிலும் முதல் வரி. வெளியே இருப்பவர்களுக்கு இது பழைய கதைபோலத் தோன்றலாம். ஓய்வு பெறப் போகிறவருக்கு அப்படி இல்லை. ஓய்வூதியமும் பணிக்கொடையும் பணிக்காலத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அதில் மூன்றரை வருஷம் கழிக்கப்பட்டால் அந்தக் குறை அவர் உயிரோடு இருக்கும் வரை மாதா மாதம் தொடரும். பணிநீக்கக் காலத்தில் இறந்துபோனவர்களின் வாரிசுகளுக்கு வேலை, ஆபத்துப்படி, தொழில்நுட்பக் கல்வித்திறன் பெறாத ஊழியருக்கு உரிய ஊதிய விகிதம், காலியிடங்களை நிரப்புவது என்று மற்றவை பின்னால் வருகின்றன. 1997-ல் இளைஞர்களாகச் சேர்ந்தவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் ஒரு கூட்டம் ஓய்வு பெறுகிறது.

சரி, கம்பெனி ஒப்பந்தம் எங்கே வருகிறது?

வழக்கமான முறையில் ஒப்பந்ததாரருக்குச் செய்த வேலையின் அளவுக்குத்தான் பணம். எஸ்டிமேட், டெண்டர், வேலை உத்தரவு, அளந்து எம்-புக் என்னும் அளவுப் புத்தகத்தில் எழுதுவது, பில். எத்தனை சதுர மீட்டர் ஒட்டு, எத்தனை கன மீட்டர் கலவை என்று கணக்கு. இந்த முறையில் ஒரு கோளாறு உண்டு. குழி அதிகமானால் வேலை அதிகம், வேலை அதிகமானால் பணம் அதிகம். சாலை நன்றாக இருப்பதால் ஒப்பந்ததாரருக்கு எந்த லாபமும் இல்லை.

செயல்பாட்டு அடிப்படையிலான பராமரிப்பு ஒப்பந்தம், துறைக்காரர்கள் வாயில் பி.பி.எம்.சி., இதைத் தலைகீழாக்கப் பார்க்கிறது. சாலை எந்த நிலையில் இருக்க வேண்டும் என்று எழுதிவைத்து, அந்த நிலைக்குத்தான் பணம். குழி தெரிந்து இத்தனை மணி நேரத்துக்குள் மூடப்பட வேண்டும், வெடிப்பு இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, தார் விளிம்புக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் இவ்வளவுதான் இருக்கலாம், செடி இந்த உயரத்துக்கு மேல் வளரக் கூடாது என்று வரிசையாக இருக்கும். சாலை எவ்வளவு குலுக்குகிறது என்பதையும் கருவி வைத்து அளக்கிறார்கள். நல்ல தார்த்தளம் என்றால் ஒரு கி.மீ.க்கு மொத்தக் குலுக்கல் 2,000 மி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது இந்தியச் சாலைகளுக்கான அளவுகோல். நிலை குறைந்தால் மாதத் தொகையில் பிடித்தம். ஒப்பந்தம் ஐந்தாண்டு என்பதால், இன்று ஓரம் வெட்டாமல் விட்டால் நாளைக்குக் குழியை மூடும் செலவும் தன் தலையில்தான் விழும் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

தமிழ்நாட்டில் இதை முதலில் பொள்ளாச்சி கோட்டத்தில் ஆரம்பித்தார்கள். பிறகு கிருஷ்ணகிரி, ராமநாதபுரம், விருதுநகர் என்று விரிந்தது. யோசனை எனக்குப் பிடித்த யோசனைதான். அளவுக்குப் பணம் கொடுப்பதைவிட நிலைக்குப் பணம் கொடுப்பது நியாயமானது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் இந்த ஒப்பந்தத்துக்குள் இரண்டு வேலை ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கிறது, அதைக் கவனிக்க வேண்டும். ஒன்று, ஆரம்பத்திலும் இடையிலும் செய்யும் பெரிய வேலை. பழுதான தளத்தைப் புதுப்பிப்பது, சில இடங்களில் அகலப்படுத்துவது. இதற்குக் கலவை தயாரிக்கும் பிளாண்ட், அதைப் பரப்பும் பேவர், ரோலர் எல்லாம் வேண்டும், பணமும் இதில்தான் அதிகம். இன்னொன்று, ஐந்து வருஷமும் தினமும் செய்யும் சின்ன வேலை. இதற்கு ஆள் வேண்டும், மண்வெட்டி வேண்டும், பணம் குறைவு. பெரிய வேலையை முடித்துப் பில் வாங்கியபின் சின்ன வேலையில் அக்கறை குறைவது எந்த நிறுவனத்துக்கும் வரக்கூடிய சபலம். பிடித்தம் என்ற சாட்டை இருக்கிறது என்று சொல்லலாம். அந்தச் சாட்டை வேலை செய்ய வேண்டுமானால் யாராவது போய்ப் பார்த்து, அளந்து, எழுத வேண்டும். பார்க்க வேண்டிய சாலை ஆய்வாளருக்கும் உதவிப் பொறியாளருக்கும் வேறு வேலைகள் தலைக்கு மேல் இருந்தால், தாளில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

சாலையை அன்றாடம் நடந்து பார்த்தவரிடம் ஓர் அறிவு சேர்ந்திருக்கும். எந்தச் சிறுபாலம் முதல் மழையிலேயே அடைத்துக்கொள்ளும், எந்த வளைவில் கரும்பு லாரி ஓரத்தில் இறங்கி விளிம்பை நொறுக்கும், எந்தத் தோட்டத்துக்காரர் தண்ணீர்க் குழாயைச் சாலைக்கு அடியில் பதித்தபோது சரியாக மூடவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது எந்த ஒப்பந்த இணைப்பிலும் இல்லை. கம்பெனி வெளியூரிலிருந்து தினக்கூலிக்கு ஆள் கொண்டுவந்து, அந்த ஆள் மூன்று மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்தவர் முதலிலிருந்து கற்க வேண்டும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் வந்ததில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 1988-லேயே தன் சாலைப் பராமரிப்பு முழுவதையும் தனியாருக்குக் கொடுத்தது. பனி கொட்டும் மலைச்சாலைகள், நள்ளிரவில் பனி அள்ளத் தெரிந்த ஆட்கள் இல்லாமல் ஒருநாள்கூட ஓடாது. அதனால் மாகாணத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒப்பந்தம் விட்டபோது, முன்பு அரசில் இருந்த ஊழியர்களே ஒன்றுசேர்ந்து நிறுவனம் தொடங்கி வேலை எடுத்த இடங்களும் உண்டு. ஊழியர் சங்கமும் ஆட்களோடு சேர்ந்தே புது நிறுவனங்களுக்குள் போனது. அர்ஜென்டினா 1990-களின் தொடக்கத்தில் ஒரு கி.மீ.க்கு மாதம் இவ்வளவு என்று பேசி ஒப்பந்தம் கொடுத்துப் பார்த்தது. ஆஸ்திரேலியாவில் சிட்னி 1995-ல் தொடங்கியது. உலக வங்கி இந்த முறையை வளரும் நாடுகளுக்குக் கொண்டுசென்றது இந்த அனுபவங்களை வைத்துத்தான்.

பிரிட்டனில் இன்னும் தெளிவாக ஒரு சட்டமே இருக்கிறது. 1981-ல் வந்து 2006-ல் புதுப்பிக்கப்பட்ட அந்த விதிகளின்படி, ஒரு வேலை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்கு மாறினால், அந்த வேலையில் இருக்கும் ஊழியர்களும் அதே சம்பளம், அதே பணி நிபந்தனை, அதே பணிக்காலத்தோடு மாறிப் போவார்கள். அங்கே சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் கைமாறும்போது பெரும்பாலும் நடப்பது இதுதான்: வெள்ளிக்கிழமை ஒரு நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை, திங்கட்கிழமை இன்னொரு பெயர். சாலை அதே சாலை, ஆளும் அதே ஆள். அங்கே பராமரிப்பு நிறுவனம் புது ஒப்பந்தம் அறிவித்தால் எத்தனை பேர் மாறி வருகிறார்கள், எந்த டிப்போவிலிருந்து வேலை நடக்கும் என்பதையும் பல நேரம் சேர்த்தே சொல்வார்கள். நம் ஊர் அறிவிப்பில் கி.மீ. இருக்கும், கோடி இருக்கும், ஆள் கணக்கு இருக்காது.

நாலுவழிச் சாலைகளில் நிலைமை வேறு மாதிரி. சுங்கச்சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலையில் பராமரிப்பு முன்பே கம்பெனி வேலைதான். ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் மூன்றும் தயாராக இருக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே உண்டு. வண்டி நின்றுபோனால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். இந்த ஏற்பாட்டால் உயிர் பிழைத்தவர்கள் நிறையப் பேர், அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அதே சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடிக்குத் தண்ணீர் விடும் பெண்களைப் பாருங்கள். எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசாமல் தடுக்கத்தான் அந்தச் செடி. சித்திரை வெயிலில் டேங்கர் லாரி மெதுவாக ஊர்ந்து போக, ஒருவர் குழாயைப் பிடித்தபடி பின்னாலேயே நடப்பார். ஒரு கையகலத் தூரத்தில் நூறு கி.மீ. வேகத்தில் கார் பறக்கும். அவருக்குப் பின்னால் எச்சரிக்கைப் பலகை எத்தனை மீட்டர் தள்ளி வைக்க வேண்டும், கூம்பு எப்படி அடுக்க வேண்டும், கொடி பிடிக்க ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கெல்லாம் சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் பொறியாளர் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் தனி வழிகாட்டி போட்டிருக்கிறது. பிளாஸ்டிக் கூம்பு நாலு மட்டும் நிற்கும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அந்தப் பெண் எந்த நிறுவனத்தின் ஊழியர் என்று கேட்டால், துணை ஒப்பந்ததாரருக்கும் துணையாக இருக்கும் ஒரு மேஸ்திரியின் பெயர்தான் பல நேரம் பதிலாக வரும்.

2023-ல் தமிழ்நாடு அரசு 'நம்ம சாலை' செயலியைக் கொண்டுவந்தது. குழியைப் படம் எடுத்து அனுப்பினால் மாநில நெடுஞ்சாலையில் 24 மணி நேரத்திலும் மாவட்டச் சாலைகளில் 72 மணி நேரத்திலும் சரிசெய்வது இலக்கு. இது நல்ல விஷயம். ஊரில் எல்லோரும் பயன்படுத்த வேண்டும். அதன் எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். குழி விழுந்தபின்தான் படம் எடுக்க முடியும். ஏறிப்போன ஓரத்தை, பாதி அடைத்த சிறுபாலக் கண்ணை வழிப்போக்கர் யாரும் படம் எடுக்க மாட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது பழுதாகவே தெரியாது. அதைப் பழுது என்று பார்க்கும் கண் சாலைப் பணியாளருடையது. அவர் பெயரில் புகார் எதுவும் பதிவாகாத சாலைதான் அவர் நன்றாக வேலை செய்த சாலை, அதனாலேயே அவர் செய்த வேலை எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை.

மாநில நெடுஞ்சாலை ஆணையம் அமைப்பதைச் சாலைப் பணியாளர் சங்கங்கள் எதிர்ப்பதையும் இந்த இடத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். சாலைகள் ஆணையத்துக்கும் அங்கிருந்து கம்பெனிக்கும் போனால் தங்கள் பணியிடங்கள் ஓய்வோடு ஓய்வாக மறைந்துவிடும் என்பது அவர்களுடைய பயம். 2002-ஐப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வராவிட்டால்தான் ஆச்சரியம். கம்பெனி முறையே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். 66,000 கி.மீ.யையும் பழைய முறையிலேயே காப்பாற்ற முடியுமா என்றால் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் ஒப்பந்தத்தில் கலவையின் தரத்தை எழுதுவதுபோல ஆளையும் எழுதலாம். இத்தனை கி.மீ.க்கு இத்தனை நிரந்தர ஆள், ஐந்தாண்டும் அதே சாலையில், காப்பீடும் வருங்கால வைப்பு நிதியும் சேர்த்து, கம்பெனி மாறினாலும் பணிக்காலம் அறுபடாமல் என்று எழுதலாம். இப்போது இருக்கும் சாலைப் பணியாளர்களை அந்தச் சாலைகளில் பார்வையிடும் பொறுப்பில் வைக்கலாம். பிடித்தம் செய்ய யார் போய்ப் பார்ப்பது என்ற கேள்விக்கும் அதில் பதில் இருக்கிறது. 41 மாதத்தைச் சேர்த்துக் கொடுப்பது இதற்கெல்லாம் முன்னால் முடிக்க வேண்டிய கணக்கு.

அடுத்த முறை உங்கள் ஊர்ச் சாலைக்குப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று செய்தி வந்தால், கோடியை விட்டுவிட்டு மூன்று விஷயம் விசாரியுங்கள். ஒட்டுப்போடவும் ஓரம் வெட்டவும் மாதாந்திரத் தொகை தனியாக எவ்வளவு? அந்தத் தொகை பிடிக்கப்பட்டால் எந்தக் குறைக்காக என்பதை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்? இந்த 10 கி.மீ.க்குப் பொறுப்பான ஆள் யார், அவர் போன வருஷமும் இங்கேதான் இருந்தாரா?

எங்கள் சாலை அண்ணன் அன்றைக்கு வெட்டியது ஒரு பர்லாங்கு இருக்கும். நேராக வெட்டிக்கொண்டே போகாமல், முப்பது நாற்பது அடிக்கு ஒரு இடத்தில் ஓரத்தைக் கீறிச் சாய்வாக வாய்க்கால் எடுத்தார். "எல்லாத்தையும் வழிக்க ஒரு ஆளால முடியாது தம்பி. தண்ணிக்கு வாசல் விட்டுட்டா போதும்." அவரோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்களில் இரண்டு பேர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். ஐப்பசி இரண்டாவது வாரத்தில் மழை பிடித்தது. வாசல் விட்ட இடத்தில் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓரத்துப் பள்ளத்துக்கு இறங்கியது. அவர் கை போய்ச் சேராத அய்யனார் கோயில் வளைவில் மூன்று நாள் நின்றது. கார்த்திகை பிறக்கும்போது அந்த வளைவில் இடது சக்கரம் ஓடும் தடத்தில் ஜல்லி உதிர ஆரம்பித்திருந்தது.